இறக்கத்துக்கு எந்தப் பிரேக்?

சென்ற வருடம் நவம்பர் மாதம் ஒரு பின்னேரம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. என் தம்பி, வாப்பாவின் பழைய சைக்கிளில் வகுப்புக்குப் புறப்பட்டான். பலாபத்வலயில் பிரதான வீதியிலிருந்து மேலே ஏறிச் செல்லும் ஒரு பாதையில் எங்கள் வீடு இருக்கிறது. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது பெடல் மிதிக்கவே தேவையில்லை. ஆனால் அந்த இறக்கம் முடியும் இடம் ஏ9 வீதி. தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிய லொறிகள் மாத்தளைப் பக்கம் வருவதும் அந்த வீதியால்தான்.

பாதி வழியில் தம்பி இரண்டு பிரேக்கையும் பிடித்திருக்கிறான். சைக்கிள் நிற்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறான். அப்போதும் நிற்கவில்லை. கால்கள் இரண்டையும் தரையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, வீதிக்குச் சற்று முன்னால் சைக்கிளோடு கானுக்குள் சாய்ந்துவிட்டான். அந்த நேரத்தில் ஒரு லொறி ஹோர்ன் அடித்தபடி தாண்டிப் போனது. முழங்காலில் நான்கு தையல். அல்ஹம்துலில்லாஹ், அத்தோடு போயிற்று.

அந்தச் சைக்கிளை இனி அவன் தொடக்கூடாது என்று உம்மா சொல்லிவிட்டார். ஆனால் சைக்கிள் இல்லாமலும் முடியாது. வாப்பா வீடு வீடாகச் சென்று மிளகு, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்பவர். 2022இல் பெற்றோல் வரிசையில் நாள் முழுவதும் நின்ற அனுபவத்துக்குப் பிறகு, கிட்டிய வீடுகளிலிருந்து சிறிய மூட்டைகளைச் சைக்கிளில் கொண்டுவருவதே எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது. ஆகவே, ஒரு மவுண்டன் பைக் வாங்குவதென்று முடிவானது.

அதன்பிறகுதான் வாக்குவாதம். தம்பிக்கு டிஸ்க் பிரேக் வேண்டும். வாப்பாவுக்கு ரிம் பிரேக் போதும். "டிஸ்க் பழுதானா யாரு திருத்துற? இங்க பாஸிட்ட அதுக்குச் சாமான் ஈக்கா?" என்பது அவருடைய கேள்வி. கடைசியில் உம்மா என் பக்கம் திரும்பினார். "மகள், நீங்க பௌதிகவியல் படிக்கிறீங்க தானே. யோசிச்சுச் சொல்லுங்களே."

சோதனைத் தாளில் பிழையாக எழுதினால் புள்ளிதான் குறையும். இந்தக் கேள்விக்குப் பிழையாகப் பதில் சொன்னால் என்ன ஆகும் என்பதைத் தம்பியின் முழங்கால் எனக்கு ஞாபகப்படுத்தியது. ஆகவே இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். அந்த இரண்டு வாரங்களில் நான் விளங்கிக்கொண்டதை, சைக்கிள் வாங்க நினைக்கும் தோழியருக்காகவும் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

பிரேக் செய்யும் வேலை

சைக்கிளை நிறுத்துவது என்றால் அதன் சக்தியை வேறொன்றாக மாற்றுவது. சக்தி அழியாது என்று நாம் படித்திருக்கிறோம். அப்படியானால் இறக்கத்தில் வரும் சைக்கிளின் சக்தி எங்கே போகிறது? உராய்வினால் அது வெப்பமாகிறது.

எங்கள் பாதையை வைத்தே கணக்குப் பார்த்தேன். கைபேசி காட்டியபடி வீட்டுக்கும் வீதிக்கும் உயர வித்தியாசம் அண்ணளவாக 60 மீற்றர். தம்பி, சைக்கிள், ஒரு சிறிய மூட்டை எல்லாம் சேர்த்துத் திணிவு 70 கிலோகிராம் என்று கொள்வோம். ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என எடுத்தால், இழக்கப்படும் அழுத்தச் சக்தி 70 × 10 × 60, அதாவது 42,000 யூல். 25 பாகை வெப்பநிலையிலுள்ள 130 மில்லிலீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ இவ்வளவு சக்திதான் தேவை. ஒரு சின்னக் கோப்பை பிளேன் டீக்கு அது போதும்! காற்றும் டயரும் கொஞ்சம் எடுத்துக்கொண்டாலும், மெதுவாக இறங்குபவனின் பிரேக்குக்கே பெரும் பங்கு போய்ச் சேரும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இரண்டு சோடிப் பிரேக் கட்டைகள் இந்த வேலையைச் செய்கின்றன.

ரிம் பிரேக்

சக்கரத்தின் வெளிவளையமான ரிம்மைக் கட்டைகளால் நெரித்துப் பிடிப்பது ரிம் பிரேக். வாப்பாவின் சைக்கிளில் இருப்பது கம்பிகளால் இழுக்கப்படும் பழைய வகை. மவுண்டன் பைக்குகளில் இருப்பது பெரும்பாலும் வீ-பிரேக். இரண்டு நீண்ட கைகள் ரிம்மின் இரு பக்கமும் நின்று, கேபிளை இழுத்ததும் கட்டைகளை உள்ளே தள்ளும். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1996இல் இதைப் பரவலாக்கியது. எடை குறைவு, விலை குறைவு. கண்ணால் பார்த்தே பழுதைக் கண்டுபிடிக்கலாம்.

இதன் பலவீனம் தண்ணீர். ரிம் நிலத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் நீரையும் சேற்றையும் அள்ளிக்கொள்ளும். கட்டை முதலில் அந்த நீரை வழித்தெடுத்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும். 26 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் ஏறத்தாழ 2 மீற்றர் நகரும். நீரை வழித்தெடுக்க இரண்டு சுற்று ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும், பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்கு முன்பே சைக்கிள் 4 மீற்றர் போய்விடும். ஒரு லொறியின் அகலமே அவ்வளவு இல்லை.

ரிம் எதனால் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். பழைய சைக்கிள்களில் இருப்பது குரோம் பூசிய உருக்கு ரிம். பார்க்க மினுமினுப்பாக இருக்கும், நனைந்தால் வழுக்கும். அலுமினிய ரிம் மழையில் அதைவிட நன்றாகப் பிடிக்கும். தம்பியின் விபத்துக்குக் காரணம் ரிம் பிரேக் என்று மொத்தமாகச் சொல்வது நியாயமில்லை. நனைந்த உருக்கு ரிம், அதோடு வருடக்கணக்கில் மாற்றாமல் கல்லாகிப்போன கட்டை, இரண்டும் சேர்ந்ததுதான் காரணம். அந்தக் கட்டையை மாற்றச் சொல்லி எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை என்பதையும் நான் மறைக்கக்கூடாது.

டிஸ்க் பிரேக்

சக்கரத்தின் நடுவில் ஒரு சிறிய உருக்குத் தட்டு. அதை இரு பக்கமும் நெரிக்கும் சிறிய கட்டைகள். இதுவே டிஸ்க் பிரேக். இது புதிய கண்டுபிடிப்பு என்று நான் நினைத்திருந்தேன். 1902இலேயே இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் மோட்டார் வாகனத்துக்கான டிஸ்க் பிரேக்குக்கு உரிமம் பெற்றிருக்கிறார்.

இங்கே ஒரு விடயம் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நிறுத்தும் வலு, உராய்வு விசையையும் ஆரையையும் பெருக்கி வரும் திருப்பத்தில்தான் இருக்கிறது. ரிம்மில் கட்டை பிடிக்கும் இடத்தின் ஆரை ஏறத்தாழ 27 சென்ரிமீற்றர். 160 மில்லிமீற்றர் விட்டமுள்ள டிஸ்க்கில் அது ஏறத்தாழ 7 சென்ரிமீற்றர்தான். அப்படியானால் அதே திருப்பத்துக்கு டிஸ்க்கில் நான்கு மடங்கு உராய்வு விசை வேண்டும். ஆரையை மட்டும் பார்த்தால் ரிம்தான் பெரிய டிஸ்க்!

பிறகு டிஸ்க் எப்படி நன்றாகப் பிடிக்கிறது? ரிம் கொஞ்சம் நெளிந்தாலும் கட்டையில் உரசும். ஆகவே இடைவெளி விட்டே கட்டையைப் பூட்ட வேண்டும். டிஸ்க் தட்டு நேராக ஓடுவதால் கட்டையை அதற்கு மிகக் கிட்ட வைக்கலாம். கட்டை நகர வேண்டிய தூரம் குறைவு என்பதால், கையின் இழுப்பைப் பல மடங்கு பெரிய நெரிப்பாக மாற்றிக்கொள்ள முடிகிறது. நெம்புகோலில் நாம் படித்த அதே பேரம்தான். தூரத்தை விட்டுக்கொடுத்து விசையை வாங்குகிறோம். அந்தக் கடுமையான நெரிப்பு தண்ணீரையும் உடனே வழித்தெடுத்துவிடும். தட்டு சேற்றுக்கு மேலே இருக்கிறது. குழியில் விழுந்து ரிம் வளைந்தாலும் பிரேக் வேலை செய்யும்.

டிஸ்க்கிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று கேபிளால் இழுப்பது, மற்றது எண்ணெயால் தள்ளுவது. எண்ணெய் வகை மென்மையாகவும் வலுவாகவும் பிடிக்கும். ஆனால் குழாயில் காற்றுப் புகுந்தால் அதை வெளியேற்றத் தனிக் கருவி வேண்டும். சில நிறுவனங்களின் பிரேக்குக்கு மினரல் எண்ணெய், வேறு சிலவற்றுக்கு மோட்டார் வாகனப் பிரேக் எண்ணெய். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் இறப்பர் வளையங்கள் கெட்டுவிடும்.

மலையிலிருந்து வந்த பாடம்

மவுண்டன் பைக்கின் கதையே பிரேக்கோடு தொடங்குகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மரின் என்ற பகுதியில், 1976ஆம் ஆண்டு சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மண் பாதையொன்றில் இறங்கும் போட்டி வைத்தார்கள். அந்தச் சைக்கிள்களில் இருந்தது பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிடிக்கும் பிரேக். ஒருமுறை இறங்கி முடிவதற்குள் அது சூடாகி, உள்ளே இருந்த கிறீஸ் புகைந்து எரிந்துவிடும். திரும்பவும் கிறீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். திரும்ப அடைப்பது என்ற பொருளில் அந்தப் பாதைக்கே 'ரீபெக்' என்று பெயர் வந்தது. ஏறுவதைவிட இறங்கி நிற்பதுதான் மலைச் சைக்கிளின் சிக்கல் என்று அவர்கள் அன்றே கண்டுகொண்டார்கள்.

அதற்காக, டிஸ்க் இல்லாத சைக்கிளெல்லாம் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். வீதிப் பந்தயங்களில் உலகத்தின் மிகச் சிறந்த வீரர்கள் பல்லாண்டுகளாக ரிம் பிரேக்கோடுதான் அல்ப்ஸ் மலைகளில் இறங்கினார்கள். அந்தப் பந்தயங்களில் டிஸ்க்குக்கு நிரந்தர அனுமதி கிடைத்தது 2018இல்தான். ஆனால் அவர்களுடைய கட்டைகளையும் கேபிள்களையும் கவனிக்க ஒரு குழுவே இருந்தது. எங்கள் வீட்டில் அந்தக் குழு நான் மட்டும்தான்.

பாஸ் சொன்னது

வாப்பாவின் கேள்வியை எடுத்துக்கொண்டு அவருடனேயே சைக்கிள் திருத்தும் பாஸிடம் போனேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கேபிள் டிஸ்க்னா பயமில்ல மகள். கேபிள் எல்லாம் ஒண்டுதான், என்னட்ட ஈக்கி. கட்டைதான் ஒவ்வொண்டும் ஒவ்வொரு சைஸ். வாங்கக்குள்ளயே ரெண்டு சோடி கூடுதலா வாங்கி வைங்க. எண்ணெய் டிஸ்க்னா மாத்தளைக்கோ கண்டிக்கோ கொண்டு போகணும்."

இன்னொன்றும் சொன்னார். டிஸ்க் கீச்சிடுகிறது என்று ஒருவர் அதற்குச் சங்கிலி எண்ணெய் விட்டாராம். சத்தம் நின்றது, பிரேக்கும் நின்றது. எண்ணெயை உறிஞ்சிய கட்டை பெரும்பாலும் திரும்ப உதவாது. தட்டை விரலால்கூடத் தொடக்கூடாது. இறங்கி வந்தவுடன் தொட்டால் கை சுட்டுவிடும். ஆறிய பிறகு தொட்டால் கையின் எண்ணெய்ப்பசை தட்டில் ஒட்டும். துடைப்பதானால் சுத்தமான துணியும் ஐசோபுரொப்பைல் அற்ககோலும்தான் வேண்டும்.

கடையில் ஒரு போத்தல் தண்ணீர்

மாத்தளையில் ஒரு கடைக்குப் போனோம். வாப்பாவின் காசுக்குள் மூன்று சைக்கிள்கள் இருந்தன. முதலாவதில் டிஸ்க்கும் இருந்தது, முன்னால் ஷொக்கும் இருந்தது. தம்பியின் கண் அதிலேயே நின்றது. நான் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன். தட்டு ஆடி ஆடி ஒவ்வொரு சுற்றிலும் கட்டையில் உரசியது. ரிம்மைப் பிடித்து ஆட்டினால் சக்கரமே ஆடியது. இரண்டாவது, அலுமினிய ரிம்மும் வீ-பிரேக்கும் உள்ளது. எல்லாம் ஒழுங்காக இருந்தது. மூன்றாவதில் கேபிள் டிஸ்க், ஷொக் இல்லை. சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. ஒரே விலைக்குள் டிஸ்க்கும் ஷொக்கும் இரண்டும் கொடுப்பவர் வேறெங்கோ கையைக் குறைத்திருக்க வேண்டும் என்பது எனக்கு அங்கே விளங்கியது.

கடைக்காரரிடம் அனுமதி கேட்டு, பக்கத்துச் சந்தில் சோக்கினால் ஒரு கோடு போட்டேன். கோட்டில் பிரேக் பிடிக்க வேண்டும் என்று தம்பியிடம் சொன்னேன். முதலில் உலர்ந்த சக்கரத்தோடு, பிறகு ஒரு போத்தல் தண்ணீரை ரிம்மிலும் தட்டிலும் ஊற்றிவிட்டு. வீ-பிரேக் நனைந்தபோது உலர்ந்ததைவிட இரண்டு எட்டுத் தள்ளி நின்றது. டிஸ்க் நனைந்தபோதும் ஏறக்குறைய அதே இடத்தில் நின்றது. வீட்டுக்கு வந்து, பழைய சைக்கிளை முற்றத்தில் நனைத்து வாப்பா தானே ஓட்டிப் பார்த்தார். ஒன்பது எட்டு. ஒவ்வொரு முறையும் வேகம் சரியாக ஒன்றாக இருந்திருக்காது. ஆய்வுகூடத்தில் இதை ஏற்கமாட்டார்கள். ஆனாலும் ஒன்பது எட்டு என்பதை வாப்பா மறுபடியும் ஒருமுறை நடந்து அளந்தார்.

மறுநாள் மூன்றாவது சைக்கிளை வாங்கினோம். ஷொக் இல்லையென்று தம்பி இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை.

வாங்குமுன் கேட்க வேண்டியவை

எங்கள் விடை எல்லா வீட்டுக்கும் விடையல்ல. மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, உங்கள் பாதை எப்படி? நீண்ட இறக்கம், மழை, சேறு, கெரியரில் சுமை, இறக்கத்தின் முடிவில் பெரிய வீதி, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் டிஸ்க் நல்லது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை நனையும் எங்கள் ஊருக்கு அது பொருந்தும். சமதரையில் பாடசாலைக்கும் கடைக்கும் போவதென்றால் அலுமினிய ரிம்மோடு நல்ல வீ-பிரேக் தாராளமாகப் போதும். மிச்சக் காசை நல்ல டயருக்குக் கொடுக்கலாம். சக்கரம் பூட்டிச் சறுக்கத் தொடங்கினால் எந்தப் பிரேக்கும் உதவாது. கடைசியில் நிலத்தைப் பிடிப்பது டயர்தான்.

இரண்டாவது, யார் திருத்துவார்? ஊரில் திருத்த ஆள் இல்லாத பிரேக், முதல் பழுதுவரைதான் நல்ல பிரேக். வீ-பிரேக் சைக்கிளை வாங்கிவிட்டுப் பிறகு டிஸ்க் பூட்டிக்கொள்ளலாம் என்றும் எண்ண வேண்டாம். அதற்கான பூட்டும் இடம் சட்டத்திலும் சக்கரத்தின் நடுப்பாகத்திலும் இல்லாவிட்டால் அது முடியாது.

மூன்றாவது, ஓட்டுபவரின் கை எவ்வளவு? இதைக் கடையில் யாரும் கேட்பதில்லை. எனக்கும் தம்பிக்கும் விரல் குட்டை. லீவரை எட்டிப் பிடிக்கவே சிரமம். பல லீவர்களில் கைப்பிடிக்குக் கிட்ட எடுக்க ஒரு சின்னத் திருகாணி உண்டு. அதைத் திருப்பிய பிறகுதான் எங்கள் கைக்கு முழுப் பலமும் வந்தது. பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்கும் பெற்றோர் இதை மறக்க வேண்டாம்.

முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய் என்று சிறு வயதில் எங்களுக்குச் சொன்னார்கள். அது பாதி உண்மை. நிறுத்தும்போது எடை முன்னால் சாய்வதால் முன் சக்கரமே நிலத்தை நன்றாக அழுத்துகிறது. பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் பின் சக்கரம் சறுக்கும். இரண்டையும் சேர்த்து, முன்னதை மெதுவாக இறுக்கிப் பழக வேண்டும். புதிய டிஸ்க் முதல் நாளே முழுவதும் பிடிக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சமதரையில் ஓடி, பதினைந்து இருபது முறை சிறிது சிறிதாக வேகத்தைக் குறைத்துக் கட்டையைப் பழக்கிய பிறகே இறக்கத்துக்குப் போகலாம்.

இப்போது வெள்ளிக்கிழமை காலையில் நான் பிரேக்கைப் பார்க்கிறேன். கட்டையின் தடிப்பு, கேபிளின் தளர்வு, தட்டைப் பிடித்திருக்கும் திருகாணிகள். பழைய சைக்கிளுக்கும் புதுக் கட்டை போட்டாயிற்று. வெயில் நாளில் மட்டும் வாப்பா அதை எடுப்பார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் என்று உம்மா தம்பிக்குச் சொல்லும்போது, கட்டும் வேலை என் கையில் இருக்கிறது என்று எனக்குப் படும்.

இந்த வருடம் ஒக்டோபர் மழை தொடங்கிய முதல் நாள், தம்பி வகுப்புக்கு இறங்கினான். நனைந்த டிஸ்க் பாதை நெடுகக் கீச்சென்று கத்தியது. அந்தச் சத்தம் ஊரையே எழுப்புகிறது என்று உம்மா முன்பு குறைபட்டவர். அன்று அவர் வாசலில் நின்று, சத்தம் கீழே போய் வீதிக்கு முன்னால் நிற்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். நின்ற பிறகுதான் உள்ளே வந்தார். மழை நாட்களில் இன்றும் அப்படித்தான்.